பதினெட்டு வரிகள்: ஓர் ஆஸ்துமா துண்டுத்தாளைப் படித்தல்

வழக்கமாக இங்கே புத்தகங்களைப் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பக்கம். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு வருடத்துக்கு மேலாக ஒட்டியிருக்கும் தாள்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே இழுப்பதைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு ஓடினோம். நெபுலைசர் வைத்து, விடியும்வரை உட்கார்ந்திருந்து, கிளம்பும்போது இந்தத் தாளைக் கையில் கொடுத்தார்கள். எந்த இடம் என்பது முக்கியமில்லை. அதற்கப்புறம் இதுபோல ஏழெட்டுத் தாள் சேர்த்துவிட்டேன். எழுத்துருவும் ஓரத்தில் இருக்கும் படங்களும்தான் மாறுகின்றன.

தலைப்பு: "குழந்தைகளுக்கு ஆஸ்துமா ஏற்படக் காரணங்கள்". அதற்குக் கீழே வரிசை எண் போட்டு பதினெட்டு வரி. தூசி, பஞ்சுத் தலையணை, துணிப் பொம்மை, பூனை நாய், கரப்பான் பூச்சி, ஒட்டடை, மகரந்தம், சாம்பிராணி ஊதுபத்தி, கொசுவர்த்தி, சென்ட், தாளிப்பு நெடி, பெயின்ட் வாடை, குளிர்ந்த நீர், ஐஸ்கிரீம், வாழைப்பழம் தயிர், பனிக்காற்று, அதிக ஓட்டம், சிகரெட் புகை. கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வாக்கியம்: "மேற்கண்ட அனைத்தையும் தவிர்க்கவும்."

அந்த ஒரு வாக்கியத்தை நாங்கள் அப்படியே நம்பினோம். ஒரு வருஷம் அதன்படிதான் வாழ்ந்தோம். அந்த ஒரு வருஷத்தில் மகள் மூன்று முறை மறுபடி நெபுலைசருக்குப் போனாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஆய்வுக் கட்டுரைகளைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கம் உண்டு. தவிர, ஒரு ஆவணத்தை நம்பிச் செயல்பட்டு அது பொய்த்துப்போனால், ஆவணத்தில் என்ன தப்பு என்று தேடுவது எங்கள் தொழில். இது அந்தத் தேடல். மருந்து விஷயத்தில் உங்கள் குழந்தையின் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

தலைப்பிலேயே பிழை

முதல் சிக்கல் "காரணங்கள்" என்ற சொல்.

ஆஸ்துமா என்பது மூச்சுக் குழாய்களின் உட்சுவரில் நாள்பட்டு இருக்கும் அழற்சி. குழந்தை சிரித்துக்கொண்டு நன்றாக இருக்கும் நாளிலும் அது உள்ளே இருக்கலாம். அந்த நிலையில் குழாய்கள் தொட்டாற்சிணுங்கி மாதிரி. புகையோ சளியோ வந்தால் சுற்றியுள்ள தசை இறுகும், சுவர் வீங்கும், சளி சுரக்கும். காற்றுப் போகும் வழி குறுகிவிடும். அதைத்தான் நாம் வீசிங், இழுப்பு என்கிறோம். அதே ஊதுபத்திப் புகையை ஆஸ்துமா இல்லாத குழந்தை சுவாசித்தால் இரண்டு தும்மலோடு போய்விடும். ஆக, புகை இங்கே தூண்டி. மருத்துவர்கள் ட்ரிக்கர் என்பது இதைத்தான். நோயின் காரணம் வேறு, அன்றைய இழுப்பைத் தூண்டியது வேறு.

கூரை வீடுகள் நிறைய இருந்த நாட்களில், தீபாவளிக்கு முன்னால் ஓலைக் கூரை மேல் தண்ணீர் ஊற்றி நனைத்து வைப்பார்கள். எங்கிருந்தோ ஒரு ராக்கெட் வந்து விழும். ராக்கெட் விடுகிற பையன்களையெல்லாம் தெருத்தெருவாகத் தடுக்க முடியாது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது. எங்கள் வீட்டுத் தாள் ராக்கெட்டுகளை மட்டும் எண்ணுகிறது. பதினெட்டு வகை ராக்கெட். கூரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சொல்தானே, மாற்றிப் போட்டால் என்ன என்று கேட்கலாம். நம் வீடுகளில் "காரணம்" என்று ஒன்று கிடைத்துவிட்டால் அடுத்த நிமிஷமே அதற்கு ஒரு ஆளும் கிடைத்துவிடுவார். எங்கள் வீட்டில் அந்த ஆள் என் அம்மா. பேத்தி பிறந்ததிலிருந்து தலைக்குக் குளிப்பாட்டி சாம்பிராணி காட்டியவர் அவர். எட்டாவது வரியைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு என்னைக் கேட்டார், "ஏண்டா, அப்ப நான்தான் இந்தப் புள்ளைக்கு இந்தச் சீக்கக் கொண்டாந்தேனா?"

புகை ஆகாது, நிறுத்த வேண்டியதுதான். அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு குழந்தைக்கு ஆஸ்துமா ஏன் வருகிறது என்பது பரம்பரை, கருவில் இருந்த காலம், சிறு வயது வைரஸ் தொற்றுகள், சுவாசித்த காற்று எல்லாம் பின்னிக் கிடக்கும் கதை. அதில் ஒற்றை ஆளைக் கைகாட்ட முடியாது. தாளின் தலைப்பு கைகாட்டுகிறது. அம்மாவுக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கே அப்போது இந்த வித்தியாசம் தெரியாது.

இல்லாத வரி

இரண்டாவது சிக்கல், பட்டியலில் இருக்க வேண்டிய முதல் வரி அதில் இல்லவே இல்லை. சளி. சாதாரண ஜலதோஷம்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 9 முதல் 11 வயது வரையான 108 பள்ளிக் குழந்தைகளை 13 மாதங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லோரும் இருமல் அல்லது வீசிங் தொல்லை உள்ளவர்கள். தொல்லை வரும்போதெல்லாம் மூக்கிலிருந்து மாதிரி எடுத்து வைரஸ் சோதனை. 1995-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த முடிவு: இழுப்பு வந்த தடவைகளில் சுமார் 80 சதவீதத்தில் ஏதோ ஒரு சளி வைரஸ் இருந்தது. அதிலும் பெரும்பாலும் ரைனோவைரஸ், அதாவது நம்ம ஊர் மூக்கொழுகல். பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு வரும் இழுப்பின் மிகப் பெரிய தூண்டி இதுதான் என்பதை அதற்கப்புறம் வந்த ஆய்வுகளும் உறுதிசெய்தன.

இது ஏன் தாளில் இல்லை? என் ஊகம்: "தவிர்க்கவும்" என்ற வினைச்சொல்லுக்குள் அது அடங்காது. பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்கு வருஷத்தில் பல தடவை சளி பிடிக்கத்தான் செய்யும். தவிர்க்க முடியாததைப் பட்டியலில் போட்டால் அடுத்த கேள்வி வந்துவிடும், "அப்ப என்ன செய்யறது?" அதற்குப் பதில் எழுத இன்னொரு பக்கம் வேண்டும்.

சளி என்ற வரி இல்லாததால் அந்தப் பழியெல்லாம் பக்கத்து வரிகள் மேல் விழுகிறது. மகளின் தோழி பிறந்தநாளுக்குப் போனாள், ஐஸ்கிரீம் சாப்பிட்டாள், மூன்றாம் நாள் வீசிங். வீட்டில் தீர்ப்பு உடனே வந்துவிட்டது, ஐஸ்கிரீம்தான். ஆனால் அந்த விழாவில் ஐஸ்கிரீம் மட்டுமா இருந்தது? மூடிய ஹாலில், ஏசி போட்டு, மூக்கொழுகிக்கொண்டு இருபது குழந்தைகளும் இருந்தார்கள். ரைனோவைரஸ் உடம்பில் நுழைந்து சளியாகத் தெரிய ஓரிரு நாள் ஆகும். கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஐஸ்கிரீம் சாட்சி, அவ்வளவுதான். நாம் அதைக் குற்றவாளி ஆக்கிவிட்டோம்.

சாப்பாட்டு வரிகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு உணவுக்கு அலர்ஜி இருப்பது பரிசோதனையில் உறுதியானால் ஒழிய, ஆஸ்துமாவுக்காக உணவை விலக்கத் தேவையில்லை என்பதுதான் ஜினா எனப்படும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டியின் நிலை. வாழைப்பழம், தயிர் இரண்டும் "குளிர்ச்சி" என்ற நம் பழைய கணக்கிலிருந்து தாளுக்குள் வந்து உட்கார்ந்தவை. எட்டு மாதம் என் மகளுக்குத் தயிர் சாதம் கொடுக்கவில்லை. அவளுக்குப் பிடித்த ஒரே மதிய சாப்பாடு அது.

அனைத்தையும்

மூன்றாவது சிக்கல் "அனைத்தையும்" என்ற சொல். ஆராய்ச்சி உலகம் இதைப் பற்றி நிறைய சண்டை போட்டிருக்கிறது. அந்தச் சண்டையைப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

மெத்தைத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணி ஒன்று வாழ்கிறது, டஸ்ட் மைட். அதன் கழிவுக்குப் பலருக்கு அலர்ஜி. அதனால் மெத்தை உறை, மருந்து தெளிப்பு, தலையணை மாற்றம் என்று உலகம் முழுக்கச் செய்து பார்த்தார்கள். பீட்டர் கோட்ஷே, ஹெலே யோஹான்சன் என்ற இரு டென்மார்க் ஆய்வாளர்கள் அந்தச் சோதனைகளையெல்லாம் திரட்டி 2008-ல் கொக்ரேன் தொகுப்பில் அலசினார்கள். 54 சோதனைகள், சுமார் 3,000 பேர். முடிவு: பலன் தெரியவில்லை, இவற்றைப் பரிந்துரைக்க முடியாது.

இதைப் படித்த அன்று, நான் வாங்கியிருந்த விலை உயர்ந்த மெத்தை உறையைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

2017-ல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் வேறு விதமாகக் கேட்டார்கள். எல்லோருக்கும் உறை கொடுக்காமல், மைட் அலர்ஜி சோதனையில் உறுதியான, ஏற்கெனவே கடும் இழுப்புக்காக மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளை மட்டும் எடுத்தார்கள். மொத்தம் 284 பேர். பாதிப் பேருக்கு உண்மையான உறை, பாதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள சாதாரண உறை. ஒரு வருஷத்தில் இழுப்புக்காக மருத்துவமனைக்கு வந்தவர்கள் உண்மை உறைக் குழுவில் 29 சதவீதம், மற்றதில் 41 சதவீதம். எல்லா அளவுகோலிலும் பலன் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்டதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மருத்துவமனை ஓட்டம் குறைந்தது.

அமெரிக்காவின் ஏழு நகரங்களில், ஏழ்மையான பகுதிகளில் வாழும் 937 குழந்தைகளிடம் செய்த ஆய்வு (2004) இன்னும் ஒரு படி மேலே. ஒவ்வொரு குழந்தைக்கும் எதெது அலர்ஜி என்று முதலில் சோதித்து, அந்த வீட்டில் அது இருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ப மட்டும் வேலை செய்தார்கள். கரப்பான் தொல்லை உள்ள வீட்டில் கரப்பான் ஒழிப்பு, யாராவது புகை பிடிக்கும் வீட்டில் புகைக்கான ஏற்பாடு, இப்படி. முதல் வருஷம் இரண்டு வாரத்தில் அறிகுறி உள்ள நாட்கள் ஒப்பீட்டுக் குழுவில் 4.2 ஆகவும், இந்தக் குழந்தைகளிடம் 3.4 ஆகவும் இருந்தன. அடுத்த வருஷமும் வித்தியாசம் நீடித்தது.

இதே மாதிரிப் பகுதிகளில் 1997-ல் வந்த முந்தைய ஆய்வு ஒன்று கரப்பானைப் பற்றிச் சொன்னதும் முக்கியம். கரப்பான் அலர்ஜியும் இருந்து, படுக்கையறையில் அதன் கழிவும் அதிகம் இருந்த குழந்தைகள்தான் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இரண்டும் சேர வேண்டும். அலர்ஜி இல்லாத குழந்தை வீட்டில் கரப்பான் அடித்தால் வீடு சுத்தமாகும், நல்லதுதான். ஆஸ்துமாவுக்கு அதில் எதிர்பார்க்க அதிகமில்லை.

ஆக, டென்மார்க்காரர்கள் சொன்னதும் மான்செஸ்டர்காரர்கள் சொன்னதும் முரண் இல்லை. "எல்லோரும் எல்லாவற்றையும் தவிர்" என்பது வேலைக்கு ஆகாது. "இந்தக் குழந்தைக்கு எது, அதை மட்டும் முழு மூச்சாக" என்பது ஓரளவு வேலை செய்கிறது. எங்கள் தாள் முதல் வகை. பதினெட்டையும் அரைகுறையாகச் செய்து, எதையும் முழுசாகச் செய்யாமல், ஒரு குடும்பம் களைத்துப் போக அதுவே போதும்.

வரிசையையும் பாருங்கள். தூசி முதல் வரி, சிகரெட் புகை பதினெட்டாவது. எந்தச் சோதனையும் பண்ணாமல் எல்லா ஆஸ்துமா குழந்தைக்கும் கெடுதல் என்று சொல்லக்கூடியது புகைதான். அதைக் கடைசியில் போட்டதால், வீட்டு ஆண்கள் பலர் அந்த வரி வரை படிக்காமலே பெண்களிடம் தாளைக் கொடுத்துவிடும் வசதி இருக்கிறது. ஒட்டடை அடிப்பதும் தலையணை துவைப்பதும் தாளிப்பை நிறுத்துவதும் யார் வேலை என்று உங்களுக்குத் தெரியும்.

கொசுவர்த்தி ஒன்பதாவது. 2003-ல் வந்த ஒரு ஆய்வு, ஒரே ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்று அளந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு, குழந்தையின் கட்டிலுக்குக் கீழே, ராத்திரி முழுக்க. நாங்களும் அப்படித்தான் வைத்தோம். ஊதுபத்திக்காக அம்மாவிடம் சண்டை போட்ட நான், கொசுவர்த்தியை மட்டும் நிறுத்தவில்லை. கொசு கடிக்குமே! கடைசியில் கொசுவலைதான் தீர்வு. அதன் விலை நான் வாங்கிய மெத்தை உறையின் விலையில் கால்வாசிகூட இல்லை.

என் ஸ்ப்ரெட்ஷீட்

ஒரு வருஷம் தாளை நம்பித் தோற்றபின், நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். லாக் எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு வரி: ராத்திரி இருமல் உண்டா, மூச்சு வாங்கியதா, அவசர இன்ஹேலர் எத்தனை பஃப், சளி உண்டா, புகை ஏதாவது, வெளியே எங்கே போனோம், என்ன சாப்பிட்டாள், ஓடி விளையாடினாளா.

ஒன்பது மாதம். இழுப்பு வந்தது பதினொரு தடவை. அதில் எட்டுக்கு, இரண்டு மூன்று நாள் முன்பே மூக்கொழுகல் பதிவாகியிருந்தது. ஒன்று போகிப் பண்டிகை காலை. ஒன்று, பக்கத்துக் குப்பை மேடு தீப்பிடித்துப் புகைந்த வாரம். ஒன்றுக்கு எதுவும் புரியவில்லை. ஐஸ்கிரீம் சாப்பிட்டது பதினான்கு நாள். அதில் பின்தொடர்ந்து இழுப்பு வந்தது ஒரே ஒரு முறை, அதுவும் அந்தப் பிறந்தநாள் ஹாலுக்குப் பிறகு. தாளிப்பு தினமும் நடந்தது. பூனை எங்கள் வீட்டில் இல்லை.

ஒரு குழந்தையின் கணக்கை வைத்து யாருக்கும் எதையும் நிரூபிக்க முடியாது. எனக்கே தெரியும். லாக்கின் பயன் நிரூபிப்பது இல்லை. ஊகங்களைக் கழிக்க உதவும். டாக்டரிடம் உட்கார்ந்து "எல்லாத்துக்கும் வருது சார்" என்று சொல்வதற்குப் பதில், ஒரு தாளை நீட்ட உதவும்.

நீட்டினேன். புது டாக்டர், பொறுமையான மனுஷி. இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார், "எல்லாம் இருக்கு. தினசரி இன்ஹேலர் போட்ட நாள், விட்ட நாள் எங்கே?"

அந்தக் காலம் என் ஸ்ப்ரெட்ஷீட்டில் இல்லை.

நான் செய்த தப்பு

முதல் தடவை மருத்துவமனையிலிருந்து வந்தபோது இரண்டு இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள். ஒன்று அவசரத்துக்கு, இறுகிய தசையைத் தளர்த்துவது. மற்றது தினமும், குறைந்த அளவு ஸ்டீராய்டு, அழற்சியை அடக்குவது. அதாவது கூரையை நனைப்பது. அவசரமானதைப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் வித்தியாசம் தெரியும். தினசரி மருந்து அப்படி எதையும் காட்டாது. மூன்று வாரம் போட்டோம். மகள் நன்றாக இருந்தாள். "ஸ்டீராய்டு, பழகிடும், வளர்த்தி நின்னுடும்" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் வந்தது. நிறுத்திவிட்டேன். சளி வந்தால் நாலு நாள் போடுவது, சரியானதும் விடுவது. என் கணிப்பில் அது புத்திசாலித்தனம்.

இரண்டு மாதம் சர்வர் விழவில்லை என்று பேக்கப்பை நிறுத்துகிற ஆள் என் டீமில் இருந்தால் சும்மா விட்டிருக்கமாட்டேன். வீட்டில் நான் செய்தது அதேதான்.

இதற்குப் பெரிய ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் 5 முதல் 12 வயது வரையான 1,041 குழந்தைகளை நான்கு வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்து, முடிவுகளை 2000-ல் வெளியிட்டார்கள். தினமும் புடசனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்த குழந்தைகள், வெற்று மருந்து எடுத்தவர்களைவிட 43 சதவீதம் குறைவாகவே ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவசர சிகிச்சைக்கு ஓடியது 45 சதவீதம் குறைவு. உயர விஷயம் வெறும் வதந்தி இல்லை, அதையும் அளந்தார்கள். அந்தக் குழந்தைகள் பெரியவர்களான பிறகு பார்த்தபோது சராசரி வித்தியாசம் 1.2 செ.மீ. ஒரு விரல் அகலம்கூட இல்லை. அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது வேறு, "வளர்த்தி நின்னுடும்" என்று பயந்து மருந்தை மறைத்து வைப்பது வேறு.

மெத்தை உறையின் 29, 41 என்ற எண்களையும் இந்த எண்களையும் நேராக ஒப்பிட முடியாது. குழந்தைகளும் வேறு, காலமும் வேறு. ஆனால் ஒன்று தெளிவு. தூண்டிகளைத் தவிர்ப்பது மருந்துக்குத் துணை, மாற்று இல்லை. எங்கள் தாளில் பதினெட்டு வரியிலும் "மருந்து" என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. இதுதான் அதன்மேல் எனக்கிருக்கும் மிகப் பெரிய புகார். தவிர்ப்பதை மட்டும் படித்த நான், தவிர்த்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். மகள் விலை கொடுத்தாள்.

ஆனால் பட்டியலே வேண்டாமா?

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிடலாம் என்று இருந்தேன். எல்லா கிசிப்பட்டியலையும் கிழித்துப் போடலாம் என்ற தொனியில். எல்லா அடூ-கிசி-டெப்ரா என்ற சிறுமியின் வழக்கைப் படித்தபிறகு முடியவில்லை.

லண்டனின் லூயிஷாம் பகுதியில், எந்நேரமும் வண்டிகள் ஓடும் சவுத் சர்க்குலர் சாலைக்கு முப்பது மீட்டருக்குள் எல்லாவின் வீடு. கடுமையான ஆஸ்துமா. மூன்று வருஷத்துக்குள் இருபத்தைந்து தடவைக்கு மேல் மருத்துவமனை. 2013 பிப்ரவரியில், 9 வயதில் இறந்துபோனாள். முதல் விசாரணை ஆஸ்துமா என்று முடித்தது. அவள் அம்மா ரோசமண்ட் விடவில்லை. அந்தத் தீர்ப்பு ரத்தாகி மறுவிசாரணை நடந்து, 2020 டிசம்பரில் விசாரணை அதிகாரி ஃபிலிப் பார்லோ காற்று மாசு அவள் மரணத்துக்குப் பங்களித்தது என்று பதிவுசெய்தார். பிரிட்டனில் ஒரு இறப்புப் பதிவில் அப்படி எழுதப்பட்டது அதுவே முதல்முறை.

அந்த முடிவில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. காற்று மாசு ஆஸ்துமாவை மோசமாக்கும் என்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் எடுத்திருக்கக்கூடிய நடவடிக்கைகள் மகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்கிறார் அதிகாரி. அதாவது, பட்டியலில் ஒரு வரி இல்லாமல் போனதும் ஒரு குழந்தையின் உயிருக்கான காரியம்.

அதனால் பட்டியலை எறிய முடியாது. திருப்பி எழுதத்தான் வேண்டும். எங்கள் தாளின் பதினெட்டு வரியும் வீட்டு வாசலோடு நின்றுவிடுகின்றன. வாகனப் புகை இல்லை, குப்பை எரிப்பு இல்லை, போகி இல்லை, பட்டாசு இல்லை. வாசலுக்கு உள்ளே இருப்பதற்கு அம்மாவைக் கேட்கலாம். வாசலுக்கு வெளியே இருப்பதற்கு யாரைக் கேட்பது என்று தாளுக்கே தெரியவில்லை போல.

நான் எழுதியிருந்தால்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது விமர்சனம் ஆகாது. அதே ஒரு பக்கத்தில் நான் இப்படி எழுதியிருப்பேன். எங்கள் டாக்டரிடம் காட்டித் திருத்தியும் வாங்கினேன்.

1. இது ஆஸ்துமா. யாருடைய தவறும் இல்லை. கட்டுக்குள் வைக்கலாம்.

2. தினசரி மருந்தை, குழந்தை நன்றாக இருக்கும் நாளிலும், ஸ்பேஸர் வைத்துக் கொடுங்கள். கொடுத்ததும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். நீங்கள் போடும் முறை சரியா என்று ஒவ்வொரு தடவையும் அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள்.

3. வீட்டுக்குள் எந்தப் புகையும் வேண்டாம். சிகரெட், கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி. இதற்குச் சோதனை தேவையில்லை.

4. சளி பிடித்தால் முதல் நாளே கவனியுங்கள். அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். ஃப்ளூ தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

5. தூசி உண்ணி, கரப்பான், பூனை: சோதனையிலோ உங்கள் குறிப்பிலோ தெரிந்தால் அதை மட்டும், முழுதாகச் செய்யுங்கள்.

6. வெளியே புகை அதிகமான நாளில் ஜன்னலைச் சாத்துங்கள், ஓட்டத்தை வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். குப்பை எரிப்பவர்களைப் பற்றிப் புகார் கொடுங்கள்.

7. உறுதியான அலர்ஜி இல்லாமல் எந்த உணவையும் நிறுத்தாதீர்கள்.

8. விளையாட்டை நிறுத்தாதீர்கள். ஓடினால் இழுக்கிறது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம்; டாக்டரிடம் சொல்லுங்கள்.

9. விலா உள்ளே இழுத்தால், பேச மூச்சுப் போதாவிட்டால், உதடு நீலமானால், அவசர இன்ஹேலருக்கு அடங்காவிட்டால் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனை.

ஒன்பது வரிதான். அதில் "தவிர்" என்ற சொல் ஒரு இடத்திலும் வரவில்லை என்பதை எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

தினசரி மருந்து ஒழுங்காகப் போக ஆரம்பித்து இப்போது பத்து மாதம். சளி வராமல் இல்லை, நாலைந்து தடவை வந்தது. இரண்டு முறை அவசர இன்ஹேலர் தேவைப்பட்டது. நெபுலைசருக்குப் போகவில்லை. நாளைக்குப் போகவேண்டி வரலாம், ஆஸ்துமா அப்படித்தான். தயிர் சாதம் டிபன் பாக்ஸுக்குத் திரும்பிவிட்டது. அம்மாவிடம் உட்கார்ந்து காரணத்துக்கும் தூண்டிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். கூரைக் கதை அவருக்கு உடனே புரிந்தது; சின்ன வயதில் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தவராம். இப்போது ராத்திரி எட்டு மணிக்கு ஸ்பேஸரை எடுத்து வைப்பது அவர்தான். நான் மறந்தாலும் அவர் மறப்பதில்லை.

போன வருஷம் பள்ளிக்கு நானே ஒரு கடிதம் கொடுத்திருந்தேன், மகளை பி.டி. பீரியடில் உட்கார வைக்கச் சொல்லி. ஜூனில் அதைத் திரும்ப வாங்கினேன். இப்போது கோ-கோ ஆடுகிறாள். சுமாராகத்தான் ஆடுகிறாள். ஃப்ரிட்ஜில் பழைய தாள் இன்னும் இருக்கிறது, புதியது அதன் பக்கத்தில். பழையதின் பதினேழாவது வரியை, "அதிக ஓட்டம்" என்பதை, யாரோ ஸ்கெட்ச் பேனாவால் அடித்திருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.